பழைய மாருதி 800-க்கு இன்னொரு பழைய இன்ஜின்: நான்கு வருடம், 31,000 கிலோமீட்டர்

2020 நவம்பர். சென்னையிலிருந்து விழுப்புரம் திரும்பும் வழியில், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்தது. டெம்பரேச்சர் முள் ஏறியதை நான் பார்க்கவே இல்லை. பானெட் இடுக்கில் ஆவி வந்த பிறகுதான் ஓரங்கட்டினேன். அதற்குள் கதை முடிந்திருந்தது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, இரண்டாவது சிலிண்டரில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்குக் கீறல்.

வண்டி 1999 மாடல், கார்பரேட்டர் 800. அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. ஓடியது 1,62,000 கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்ததால், இந்த விபத்து இல்லாவிட்டாலும் அது இன்னும் ஒரு வருடம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

யாராவது என்னிடம் கேட்டால் முதலில் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) பண்ணுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். நல்ல லேத் கிடைத்தால் அதுதான் சுத்தமான வேலை. இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேற வேண்டியதில்லை. என் இன்ஜின் பிளாக் ஏற்கெனவே ஒரு முறை 0.50 மில்லிமீட்டர் ரீபோர் ஆனது. இனி சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புதுக் குழாய் அடித்தால்தான் உண்டு, ஹெட்டுக்கும் உத்தரவாதம் தர முடியாது என்று லேத்துக்காரர் கைவிரித்தார். அவர் போட்ட கணக்கு 27,000 ரூபாய். காயலான் கடைக்காரர் முழு வண்டிக்கும் 18,000 தருவதாகச் சொன்னார். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

என் மெக்கானிக் பாய்தான் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாம் என்றார். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்ற வண்டி இது. முப்பது வருடம் தயாரித்த வண்டிக்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். இன்ஜின்கள் இருந்தன, ஆனால் பாதி ஆம்னியில் இருந்து கழற்றியவை. அதுவும் 796 சிசிதான், 800-இன் அதே எஃப்8பி இன்ஜின் குடும்பம்தான். ஆனால் ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் இருக்கும், 800-இல் குறுக்குவாக்கில். மவுண்ட், மேனிஃபோல்டு எதுவும் அப்படியே உட்காராது. மீதியில் பெரும்பாலானவை எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்பரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் வகை. அதைப் போட்டால் கம்ப்யூட்டர், வயரிங், டேங்க்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். எனக்கு வேண்டியது கார்பரேட்டர் இன்ஜின், முழுசாக.

முதலில் காட்டிய இன்ஜினை வெளியே பளபளவென்று டீசல் போட்டுக் கழுவி வைத்திருந்தார்கள். பாய் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கத்தை என் பக்கம் திருப்பினார். கடைந்த மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்த இன்ஜின். “கழுவினது எல்லாம் வேணாம் தம்பி, அழுக்கா இருக்கறத காட்டச் சொல்லு” என்றார். அதிலிருந்து எனக்கும் அதுவே கொள்கை: கழுவாத இன்ஜினில் எங்கே கசிகிறது என்று கறையே சொல்லிவிடும்.

கடைசியில் எடுத்தது பின்பக்கம் அடி வாங்கிய ஒரு வண்டியின் இன்ஜின். முன்பக்கம் அடி பட்டிருந்தால் ரேடியேட்டர், கிராங்க் புல்லி என்று சந்தேகம் வரும். பின்னால் இடி வாங்கிய வண்டி என்றால் அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கியர்பாக்ஸோடு சேர்ந்தே கிடந்ததால், தரையில் வைத்தபடியே பேட்டரி கொடுத்து செல்ஃப் அடித்துப் பார்க்க முடிந்தது. மூன்று பிளக்கையும் கழற்றி சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார் பாய். 155, 150, 158. எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியமாம். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தால் உள்ளே கொஞ்சம் துரு, அவ்வளவுதான். அறுபதாயிரம்தான் ஓடியது என்றார் கடைக்காரர். புதுப்பேட்டையில் எல்லா இன்ஜினும் அறுபதாயிரம்தான் ஓடியிருக்கும். விலை 14,000. பில்லில் இன்ஜின் நம்பர், அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. நகல், மூன்றையும் வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தோம். இதே மாதிரி இன்ஜினை இன்னொரு கடையில் பில் இல்லாமல் 9,000-க்குத் தருவதாகச் சொன்னார்கள். அது திருட்டு வண்டியில் இருந்து வந்திருந்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

2021 பிப்ரவரியில் மாட்டினோம். செயின் பிளாக்கில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன்பு தரையில் வைத்தபடியே டைமிங் பெல்ட், டென்ஷனர், முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல், கிளட்ச் பிளேட், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாற்றினோம். பின்பக்க கிராங்க் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டோம். 200 ரூபாய்கூட ஆகாத பொருள்.

900 கிலோமீட்டரில் வீட்டு வாசலில் ஆயில் சொட்டு. அதே சீல்தான். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், டிரைவ் ஷாஃப்டை உருவ வேண்டும், கியர் ஆயிலை வடிக்க வேண்டும். கூலி மட்டும் 3,500. பாய் பாதிக் கூலிதான் வாங்கினார். ஆனால் ஏற்கெனவே ஆயில் பட்ட கிளட்ச் பிளேட் அதன் பிறகு முதல் கியரில் உதறிக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு, அப்புறம் அதையும் மாற்றினேன்.

அடுத்த பாடம் ரேடியேட்டர். இன்ஜின்தானே மாறியது என்று பழைய ரேடியேட்டரையே மாட்டியிருந்தோம். முதல் சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டு திண்டிவனம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றால் முள் முக்கால் பங்கு ஏறியது. ஒரு முறை சூடு கண்டவன் என்பதால் கண் ரோட்டில் இல்லை, மீட்டரில்தான். ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், ஃபேன் சுவிட்ச் மூன்றையும் புதிதாகப் போட்ட அன்றிலிருந்து முள் நடுவிலேயே படுத்துவிட்டது. 11,000 கிலோமீட்டரில் வாட்டர் பம்ப் கத்த ஆரம்பித்தது. அது வெளியே வி-பெல்ட்டில் ஓடுவதால் ஒரு மதிய வேலைதான்.

மொத்தச் செலவை அப்பாவிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்: 41,000 ரூபாய். அதில் இன்ஜின் 14,000 மட்டுமே. மீதி முழுக்க ரப்பர், சீல், தண்ணீர் போகும் வழி, கூலி, பேப்பர்.

பேப்பர் விஷயம் தனிக் கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற முடியாது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்பதால் எனக்கு வழி இருந்தது, ஆனால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இரண்டு முறை திரும்பி வந்தேன், ஒரு முறை பில்லில் நம்பரின் ஒரு எழுத்து தெளிவாக இல்லை என்று. ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போது கிரீஸ் படிந்த பிளாக்கை நானே பெட்ரோல் துணியால் துடைத்து நம்பரைக் காட்டினேன். புது நம்பர் ஆர்.சி.யில் ஏறியதும் இன்சூரன்ஸிலும் மாற்றினேன். பலர் இதைச் செய்வதே இல்லை. 2024-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது எனக்கு அரைமணி நேர வேலை. பக்கத்தில் நின்ற ஒரு ஆம்னிக்காரர் நம்பர் ஒத்துப்போகாமல் மூன்றாவது முறையாக வந்திருந்தார். 800-இல் மாருதி ஜென் காரின் இன்ஜினை மாட்டினால் பறக்கும் என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. பறக்கும், சரி. அது 993 சிசி, நான்கு சிலிண்டர், ஆர்.சி.யில் என்ன எழுதுவது?

இப்போதைய நிலைமை: நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17, ஊருக்குள் 14. முன்பு 13 தாண்டாது. ஆயில், ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸுக்குள் டிப் ஸ்டிக்கில் கால் பங்கு இறங்குகிறது; மேலே ஊற்ற வேண்டியதில்லை. புகை இல்லை. ஐடிலிங்கில் ஸ்டீயரிங் லேசாக உதறும், மூன்று சிலிண்டருக்கு அது பிறவிக் குணம். கடந்த ஒரு வருடமாகக் காலையில் சோக்கை இழுத்தும் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஹோஸ் ஒன்று உப்பி வெடிப்பு விட்டிருந்ததை மாற்றினேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் பாய். கார்பரேட்டருக்குள் இருக்கும் ரப்பரும் 1999-இல் வந்ததுதான் என்பதால் பழியை முழுதாக பெட்ரோல் மீது போட எனக்கு மனம் வரவில்லை. கார்பரேட்டர் கிட் வாங்கி வைத்திருக்கிறேன்.

டைமிங் பெல்ட்டுக்கும் நான்கு வருடம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு அப்பா திருவண்ணாமலை போக வேண்டும் என்கிறார், அதற்குள் பெல்ட், கார்பரேட்டர் கிட் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். பழைய பிளாக் இன்னும் கொல்லையில் கிணற்றடியில் கிடக்கிறது. ஆர்.சி. மாறும்வரை எடைக்குப் போடாதே என்று பாய் சொன்னதால் வைத்திருந்தேன். மாறி நான்கு வருடம் ஆகப்போகிறது, அப்பா எடுக்க விட மாட்டேன் என்கிறார்.