புட்டா இடியப்பமா, கடைப்பூவா சட்டிப்பூவா: கழுவுற ஆளின்ர பக்கத்தில இருந்து ஒரு அலசல்

வேலைக்குப் போற ரெண்டு பேர், பள்ளிக்கூடம் போற பிள்ளையள், ஒரு மாமி, இப்பிடி ஒரு வீட்டில இரவுச் சாப்பாட்டுக்கு என்ன லேசு எண்டு கேட்டால் எல்லாரும் சொல்லுறது பத்து நிமிசத்தில செய்யலாம், கால் மணித்தியாலத்தில செய்யலாம் எண்டுதான். சாப்பிட்டு முடிஞ்ச பிறகு சிங்குக்குள்ள என்னென்ன கிடக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல. பூவுக்கும் அதே கதைதான், மேசையில வாஸ் வைச்சால் வீடு வடிவு எண்டு சொல்லுவினம், அந்த வாஸை ஆர் கழுவுறது எண்டு சொல்ல மாட்டினம். கொழும்பு வெள்ளவத்தையில எங்கட பிளட்டில குசினி சின்னன், சிங் ஒண்டுதான். அதால இரவுக்குப் புட்டு, மேசைக்குச் சட்டியில வளர்ற ஆந்தூரியம் எண்டு வந்து நிண்டிருக்கிறம். ரெண்டையும் தீர்மானிச்சது கழுவுற வேலைதான், அதனால இந்த அலசல் நடுநிலை எண்டு நினைச்சு வாசிக்காதீங்கோ.

சாப்பாட்டில போட்டிக்கு நிக்கிறது கடைக் கொத்து, கடை இடியப்பம், வீட்டு இடியப்பம், வீட்டுப் புட்டு. கொத்தைப் பற்றி நீட்டத் தேவையில்ல. பின்னேரம் காலி வீதியில நடந்தால் கல்லில தகடு அடிக்கிற சத்தம் கேக்கும், பிள்ளையள் இழுப்பினம், இடைக்கிட வாங்குறம். நாளாந்தச் சாப்பாடு இல்ல.

கடை இடியப்பத்தைப் பற்றி நேர்மையாச் சொல்லோணும். கழுவுறதை மட்டும் பாத்தால் அதுதான் வெல்லும், தட்டும் இல்ல, உரலும் இல்ல, பார்சலைப் பிரிச்சுக் கொட்டினால் சரி. ஆனால் கடைச் சொதியும் சம்பலும் ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு மாதிரி, சில நாள் பிள்ளையளுக்கு உறைப்பு, சில நாள் மாமிக்கு உப்புக் கூட, அஞ்சு பேருக்கு எடுத்தால் மாசக் கடைசியில காசும் தெரியும். எங்களுக்குச் சரிவந்த வழி இடியப்பத்தை மட்டும் கடையில எடுத்துக்கொண்டு வந்து சொதியை வீட்டில வைக்கிறதுதான். மைசூர் பருப்பும் அவிச்சால் போதும். மழை நாளிலயும், ஆருக்கும் சுகமில்லாத நாளிலயும் இதுதான் நடக்குது, புட்டுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான்.

வீட்டு இடியப்பம் ருசியில முதலாவது, அதில சண்டை இல்ல. சுடச்சுட தட்டில இருந்து எடுத்துத் தலைப்பால் (தேங்காயின்ர முதல் கெட்டிப்பால்) விட்ட சொதியோட சாப்பிட்டால் கடை இடியப்பம் பக்கத்திலயும் வராது. ஆனால் மாவைக் கொதிதண்ணியில குழைச்சு, சூடு ஆறமுதல் இடியப்பம் பிழியிற உரலுக்குள்ள போட்டுப் பிழியோணும், கை நோகும், அது கூடப் பரவாயில்ல. அதுக்குப் பிறகுதான் வேலை கிடக்கு. உரல் அச்சின்ர ஓட்டைக்குள்ள மா காய்ஞ்சு இறுகியிடும், உடன ஊறப் போடாட்டில் ஊசியால குத்தித்தான் எடுக்கோணும், தட்டு ஒவ்வொண்டும் பின்னல் பின்னலா இருக்கும், பின்னலுக்குள்ள மா. பிரஷ்ஷால தேச்சு நிமித்தி வைக்க இடம் வேணும். பிரம்புத் தட்டு எண்டால் நல்லாக் காயோணும், கடற்கரைப் பக்க ஈரக்காத்தில அது காயாது, பூஞ்சணம் பிடிச்சிடும், அதுக்காகத்தான் கனபேர் பிளாஸ்டிக் தட்டுக்கு மாறினவை. ஞாயிற்றுக்கிழமை காலமை, வீட்டில எல்லாரும் நிக்கேக்க, பிழிய ஒராள் கழுவ ஒராள் எண்டால் செய்யலாம், கிழமை நாள் இரவில வேண்டாம்.

இனிப் புட்டு. என்ர வோட்டு இதுக்குத்தான், அதால கொஞ்சம் கூடவே எழுதப் போறன்.

புட்டை எல்லாரும் பெரிய வேலை எண்டு நினைக்கிறதுக்குக் காரணம் மா குழைக்கிறது. வறுத்த அரிசிமாவில கொதிதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுப் பிரட்டி, சுண்டின்ர (அரிசி அளக்கிற பேணி) விளிம்பால கொத்திக் கொத்திக் குறுணியாக்கிறதுதான் ஊர் முறை, பழக்கம் இல்லாட்டில் கட்டியாப் போகும். இப்ப நாங்கள் குழைச்ச மாவை மிக்சியில ஒரு தட்டுத் தட்டி எடுக்கிறம், ஒரு செக்கன் ரெண்டு செக்கன்தான், கூட விட்டால் திரும்பவும் உருண்டையாகியிடும். மிக்சி ஜாரில ஒட்டுற மா காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், தண்ணி விட்டு ஆட்டினால் போயிடும். தனி அரிசிமாப் புட்டு ஆறினால் கொஞ்சம் இறுகும், அதுக்கு அவிச்ச கோதுமை மாவையும் கலந்தால் மெத்தெண்டு வரும். கோதுமை மாவை லீவு நாளில துணியில கட்டி அவிச்சு, சூட்டோட அரிச்சு டின்னில போட்டு வைச்சிடுங்கோ, ஆறவிட்டு அரிக்க நிண்டால் கல்லுக் கல்லா இறுகிப் போகும். மாமிக்குச் சீனி வருத்தம், அவவுக்குக் குரக்கன் மாப் புட்டு, அதே குழலிலதான், கடைசி ஈட்டில.

அவிக்கிறதுக்கு நீத்துப்பெட்டி, அதாவது ஓலையால இழைச்ச புட்டவிக்கிற பெட்டி, நல்ல வாசம் தரும், ஓலை எல்லோ. ஆனால் அதுக்கும் பிரம்புத் தட்டின்ர வியாதிதான், காயாது. ஸ்டீல் குழல் எண்டால் பிரஷர் குக்கர் மூடியில வெயிட் போடுற இடத்தில நிமித்தி வைக்கலாம், மா ஒரு அடுக்கு தேங்காய்ப்பூ ஒரு அடுக்கு, மேல ஆவி வந்து அஞ்சாறு நிமிசத்தில சரி. தள்ளி எடுத்தால் குழல் கிட்டத்தட்டக் காலியா இருக்கும், பைப்புக்குக் கீழ பிடிச்சு ஒரு அலசு. இதுக்காகத்தான் இவ்வளவு எழுதினனான். இடியப்பத்துக்குத் தட்டுத் தட்டாக் கழுவுற நேரத்தில புட்டுக்கு ஒரு குழல், ஒரு சட்டி, ஒரு ஜார், முடிஞ்சுது.

கூட்டுக்கு என்ன எண்டு நீங்களே முடிவு பண்ணுங்கோ. எங்கட வீட்டில டின் மீன் பிரட்டல், இல்லாட்டில் கத்தரிக்காய்ப் பால்க்கறி, இல்லாட்டில் முட்டைப் பொரியலும் கட்டச் சம்பலும். சொதி வைச்சால் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலையைக் கப்பிப்பாலில (பிறகு பிழியிற தண்ணிப்பால்) அவிய விட்டுத் தலைப்பாலைக் கடைசியில விடுங்கோ, தேசிக்காய்ப்புளியை அடுப்பால இறக்கின பிறகு விடுங்கோ, புளி விட்டுக் கொதிச்சால் திரைஞ்சிடும். மிஞ்சின புட்டு காலமை வாழைப்பழத்தோடயும் சீனியோடயும் போகும். இடியப்பம் மிஞ்சினாலும் இடியப்பக் கொத்துப் போடலாம்தான், அதை மறைக்கேல்ல, ஆனால் அதுக்குத் திரும்ப ஒரு தாச்சி கழுவோணும்.

இனிப் பூ.

சாமி அறைக்கு வாங்குற மல்லிகைச் சரம் இந்தப் போட்டிக்குள்ள இல்ல, வெள்ளிக்கிழமை கோயில் வாசல்ல வாங்கி வந்து போடுறம், காய்ஞ்சால் எடுக்கிறம். கதை சாப்பாட்டு மேசையைப் பற்றி. பொரளை கனத்தைப் பக்கம் இருக்கிற பூக்கடையள்ல ரோஸ், ஜெர்பெரா, கார்னேசன் எல்லாம் கிடைக்கும், மலைநாட்டுப் பக்கம் இருந்து வாறது, பாக்க வடிவு. தண்டைச் சரிச்சு வெட்டி, தண்ணிக்குள்ள போற இலையைக் கிள்ளிப் போட்டு வைக்கோணும் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கொழும்பு வெக்கைக்கு ரோஸ் கன நாள் நிக்காது. ஆந்தூரியத்தை வெட்டி வைச்சால் ரெண்டு கிழமைக்கு மேலயும் நிக்கும், அதனாலதான் கலியாண ஹோல்காரருக்கு அதில விருப்பம்.

ஆனால் வாடுறதும் விலையும் இஞ்ச பெரிய பிரச்சினை இல்ல, தண்ணிதான் பிரச்சினை. கொழும்பில வீட்டுக்குள்ள தண்ணி தேங்குற எந்தச் சாமானையும் சும்மா வைச்சிருக்க ஏலாது. 2017இல நாடு முழுக்க 186,000க்கு மேல டெங்கு நோயாளர் பதிவாச்சினம், கொழும்பு மாவட்டம்தான் முதலாவது. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போறேல்ல, துப்பரவான தேங்கின தண்ணியைத்தான் தேடும். முட்டையை நேரா தண்ணிக்குள்ள போடாமல் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமான சுவரில ஒட்டி வைக்கும். அந்த முட்டை தண்ணி இல்லாமல் மாசக்கணக்காக் காய்ஞ்சு கிடந்தாலும் சாகாது, திரும்பத் தண்ணி பட்டால் பொரிக்கும், பொரிச்சுப் பெரிய நுளம்பாகிப் பறக்க எங்கட சூட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். அப்ப வாஸில தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி விட்டாச்சு எண்டு நிம்மதியா இருக்க ஏலாது, உள்பக்கச் சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கோணும், ஒவ்வொரு கிழமையும். வாஸ் எண்டது கழுத்து ஒடுக்கமா உள்ள அகலமாத்தான் வரும், கை போகாது, பேபி போத்தல் பிரஷ்தான் தேடோணும். இடியப்ப உரலுக்கு இது அண்ணன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கேக்க குடம்பி, அதாவது நுளம்புப் புழு, கிடந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில வழக்கும் வைக்கலாம். அவை பாக்கிற இடங்களில பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தண்ணித் தட்டும் ஒண்டு, அதை இண்டைக்கே இழுத்துப் பாருங்கோ.

ஹோட்டல் வாசல்ல செய்யிற மாதிரி அகலக் கிண்ணத்தில தண்ணி விட்டு அரலியாப் பூ (பிராஞ்சிப்பானி) மிதக்க விடுறது இன்னொரு வழி. வாஸை விடக் கழுவ லேசு, வாய் அகலம், கை முழுக்கப் போகும், இரவு ஊத்திக் கவிட்டு வைச்சால் பயமில்ல. மரம் வீட்டடியில நிக்கிறவைக்கு நல்லது, பிளட்டில இருக்கிற எங்களுக்குக் கீழ விழுந்த பூவை நம்பித்தான். லக்கி பேம்பூ, போத்தலுக்குள்ள மணிபிளாண்ட் ரெண்டையும் தண்ணியில வைக்காமல் மண்ணில வைக்கலாம். 2001இல கலிபோர்னியாவுக்கு டெங்கு பரப்பக்கூடிய ஆசியப் புலி நுளம்பே (ஏடிஸ் அல்போபிக்டஸ்) லக்கி பேம்பூப் பெட்டியளோட போய் இறங்கினது. பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணி வேண்டாம், ஆனால் காலி வீதித் தூசியும் குசினி எண்ணெய்ப் புகையும் சேந்து பிசுபிசுப்பா இதழ் இதழா ஒட்டும், அதைக் கழுவுறதுக்கு இடியப்பத் தட்டையே கழுவலாம்.

தண்ணியே தேவையில்லாத பூ ஒண்டும் இருக்கு, செவ்வரத்தை. தண்ணியில வைச்சாலும் சும்மா மேசையில வைச்சாலும் அது ஒரு நாள்தான், அதனால ஒரு சின்னப் பீரிசில இலையோட வைச்சால் போதும். கரைச்சல் என்னெண்டால் பின்னேரம் பட்டுச் சுருண்டிடும், இரவுச் சாப்பாட்டுக்கு உதவாது. காலமை விரியத் தொடங்கேக்க பிடுங்கிப் பிரிட்ஜில வைச்சு இரவு எடுத்தால் விரிஞ்சபடி நிக்கும் எண்டு செய்யிறவை இருக்கினம், நான் அவசரத்துக்குத்தான் செய்து பாத்திருக்கிறன், ஒரு நாள் சரி வந்தது, ஒரு நாள் ஓரம் கறுத்துப்போச்சு.

மிஞ்சினது சட்டி ஆந்தூரியம். ஒரு பூ செடியிலயே ஆறேழு கிழமை நிறம் மாறாமல் நிக்கும், பிறகு பச்சையாகும், அதுக்குள்ள அடுத்தது வந்திடும். தும்புத் துண்டு, செங்கல் துண்டு, கரித்துண்டு கலந்து நட்டால் வேர் அழுகாது. மேல காய்ஞ்சிருக்கா எண்டு விரலால தொட்டுப் பாத்துத் தண்ணி விடுங்கோ, நேர் வெயில் கூடாது, முக்கியமாக் கடற்பக்கம் மேற்குப் பார்த்த பல்கனியில பின்னேர வெயில் இலையைக் கருக்கிப்போடும், உப்புக்காத்தும் அதுக்குச் சரியில்ல. யன்னலுக்கு ரெண்டடி உள்ளுக்கு வைச்சிருக்கிறம். கழுவுற வேலை எண்டு பாத்தால் இலையை ஈரத்துணியால துடைக்கிறதும் சட்டிக்குக் கீழ இருக்கிற தட்டும்தான். அந்தத் தட்டும் தண்ணி தேங்குற இடம்தான், அதில மணல் நிரப்பி வைச்சிட்டால் நுளம்புக்கு வழி இல்ல. ஓர்க்கிட்டும் இதே மாதிரி நல்லா இருக்கலாம், எங்கட வீட்டில ஒருக்கா பூத்ததோட நிண்டுபோச்சு, அதை வைச்சு நல்லது கெட்டது சொல்லேலாது. அன்னாசி மாதிரி இலை அடுக்கி வளர்ற புரோமிலியாட்டை மட்டும் வாங்காதீங்கோ, இலைக்கிண்ணத்துக்குள்ளயே தண்ணி நிக்கும்.

ஆட்கள் வாற நாளில நாங்களும் கடைப்பூ வாங்குறனாங்கள்தான், அண்டைக்கு வாஸில்ல, வாய் அகலமான ஊறுகாய்ப் போத்தல்ல வைக்கிறம், கை உள்ள போகும். ஆந்தூரியத்துக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு: இலையையோ தண்டையோ கடிச்சால் வாயும் தொண்டையும் எரியும், அதால தவழுற பிள்ளை, பூனை இருக்கிற வீட்டில அதை நிலத்தில வைக்காமல் அலுமாரிக்கு மேல ஏத்துங்கோ, அங்க வெளிச்சம் காணாது எண்டால் அகலக் கிண்ணமும் அரலியாவும்தான் உங்களுக்கு.