கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எது வேண்டும்: கறுப்பு முத்திரையா, நட்சத்திரமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் 250 மில்லி கோலா வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது பாட்டிலுக்கு ஆறு ஸ்பூன் என்று நாமே கணக்குப் போட வேண்டும், வெயிலில் நின்று யார் போடுவார்கள்?

சிலி நாடு 2016-இல் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கொண்டுவந்தது: "சர்க்கரை அதிகம்", அவ்வளவுதான். இந்தியாவில் 2022-இல் வந்த உணவு லேபிள் விதி வரைவு அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் என்றது: நட்சத்திரம் கூடக் கூட உடம்புக்கு நல்லது என்று அர்த்தம்.

புரிவது:
முத்திரை – எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையனுக்கும் "ஏதோ ஆகாது" என்று தெரியும்.
நட்சத்திரம் – ஒன்றரை என்றாலும் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி இருக்கிறது.

ஏமாற்று:
முத்திரை – அளவைத் தாண்டினால் ஒட்டியே ஆக வேண்டும்.
நட்சத்திரம் – கொஞ்சம் பழச்சாறு, நார்ச்சத்து சேர்த்தால் மதிப்பெண் ஏறும், சர்க்கரை அப்படியே இருக்கும். எனக்குப் பிடிக்காததே இதுதான்.

செலவு – இரண்டுக்கும் அச்சுச் செலவுதான், பெரிய வித்தியாசமில்லை.

கூல்டிரிங்ஸுக்கு முத்திரைதான் சரி. சூப்பர் மார்க்கெட்டில் நின்று நிதானமாக இரண்டு ஓட்ஸ் பாக்கெட்டை ஒப்பிடுகிறவருக்கு நட்சத்திரம் உதவும்.

அப்புறம், எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுக் குடிக்கிற ரோஸ்மில்க் கிளாஸில் இரண்டையுமே ஒட்ட முடியாது. அங்கே "அண்ணா, சர்க்கரை கம்மியா" என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார், ஏற்கெனவே கலக்கி வைத்தது.