பீக்கோ ஃப்ளெக்ஸி ட்ராக்: ஊத்துக்குளி லைன் போட்ட அனுபவம்

ஊத்துக்குளி ஸ்டேசன் பக்கந்தானுங்க எங்க ஊரு, சின்ன வயசுல இருந்து பாத்த அந்த ரயில் லைன ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது நெச அளவுல 87ல ஒரு பங்கு மாடல் ரயிலா, மாடி ரூம்ல செய்யோணும்னு ரொம்ப நாள் ஆச. மொதல்ல செட்டுல வர்ற துண்டு ட்ராக் வெச்சேன், வளைவெல்லாம் முறுக்குப் புழிஞ்ச மாதிரி சுருண்டு கெடந்துச்சு, நெசமான லைன்ல வளைவு வர்றதே தெரியாதுங்களே. அதான் பீக்கோ கம்பெனியோட ஃப்ளெக்ஸி ட்ராக், நம்ம இஷ்டத்துக்கு வளைக்கற நீள ட்ராக்குங்க, அதுல கோட் 100 (தண்டவாளத்தோட ஒசரத்தச் சொல்ற நம்பரு), காங்க்ரீட் மாதிரி ஸ்லீப்பர் வெச்சது வாங்குனனுங்க.

ஒரு நீளம் 914 மில்லி. வளைக்கறப்ப உள்பக்கத்துத் தண்டவாளம் வெளிய நீட்டிக்கும், அத அறுத்து அரத்துல தேச்சு விடோணும், பிசிறு இருந்துச்சுன்னா ஜாயினர், ரெண்டு தண்டவாளத்த இணைக்கற தகடு, ஏறாது, ஏறுனாலும் வண்டி அங்கதான் தடம் பொரளும். தண்டவாளத்துல ஈயம் வெச்சு ஒட்டறப்ப சால்டரிங் அயர்ன டக்குனு வெச்சு எடுத்துருங்க, ஸ்லீப்பர் ப்ளாஸ்டிக், எனக்கு மூணு உருகிப்போச்சு. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல அகலம் 16.5 மில்லிதான், நம்மூரு அகலப்பாதை ப்ராட்கேஜுக்குக் கணக்குப் போட்டா 19க்கு மேல வரோணும், முன்னாடி நின்னு பாத்தா ஒடுக்கமாத்தான் தெரியும். ஹெச்ஓல சாதாரண ட்ராக் எல்லாம் இப்படித்தான், பீக்கோவக் கொறை சொல்ல முடியாது.

ஆனா ஜல்லியும் புல்லும் பாக்கெட்டுல வாங்கவே வாங்காதீங்க. ஆன்லைன்ல ஒரு பக்கம் வாங்குனேன், ஜல்லி பழுப்பு கலரு, புல்லு பச்சப்பசேல்னு, நம்ம மேட்டுக்காட்டுல அந்தப் பச்ச எங்கீங்க இருக்குது? பொறவு கல்லு ஒடைக்கற கிரஷர்ல கெடைக்கற டஸ்ட் ஒரு டப்பா கொண்டாந்து அலசி, மாவப் போக்கி, டீ வடிகட்டில சலிச்சு, ரவையவிடப் பெருசா இருக்கறத எல்லாம் தள்ளிட்டேன். மறக்காம காந்தத்த ஒருக்கா ஓட்டிருங்க, இரும்புத்தூள் இருந்தா இன்ஜின் மோட்டார்ல போய் ஒட்டிக்கும். ப்ரஷ்ல பரப்பி, ஷாம்பூ ஒரு சொட்டு விட்ட தண்ணி ஸ்ப்ரே பண்ணி, ஃபெவிகாலுக்குச் சமமாத் தண்ணி கலந்து சிரிஞ்சுல சொட்டு சொட்டா விட்டேன், ஷாம்பூ இல்லீன்னா தண்ணி உருண்டு ஜல்லியவும் இழுத்துட்டுப் போயிரும். காஞ்சா கல்லு ஒரு படி கருக்கும், அதனால வெளுத்த கலராப் பாத்து எடுத்துக்குங்க. பாயிண்ட்ல, அதாவது லைன் பிரியற எடத்துல, நகர்ற பாகத்துல மட்டும் பசை படவே கூடாது.

தரைக்கு எங்க காட்டுச் செம்மண்ணு, காஞ்ச கொழுக்கட்டப் புல்லுக்கு சணல நறுக்கிப் போட்டேன், கிளுவ வேலிக்கு வேர்த்துண்டு, ரெண்டு வெள்வேல மரம். எங்கப்பா வந்து பாத்துட்டு, இது நம்ம கொரங்காடுல்லனு (வேலி போட்ட மேய்ச்சக் காட்ட எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவோம்) குனிஞ்சு வேலியத் தொட்டுப் பாத்தாருங்க.

ட்ராக்குக்குக் காசு குடுங்க, ஜல்லிக்குக் குடுக்காதீங்க. அடுத்து இன்னும் எட்டு நீளம் வாங்கப்போறேன், திருப்பூர் பக்கம் ரெண்டாவது லைன் பாக்கி கெடக்குது.