இரண்டாவது மானிட்டர் இணைத்தால் மட்டும் க்ராஷ் ஆகிறதா? கார்டு போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சிஸ்டம் அடிக்கடி க்ராஷ் ஆகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரைக்குப் படம் அனுப்பும் என் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, யாரோ பயன்படுத்திக் கழித்த கார்டைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனதோடு நிற்கவில்லை, கேட்காமலேயே ஃபார்மேட் வேறு செய்துவிட்டார்கள். அத்தனைக்கும் பிறகு க்ராஷ் அப்படியே இருந்தது, ஏனென்றால் கோளாறு கார்டிலேயே இல்லை.

என் வேலை மொழிபெயர்ப்பு. மூலம் இடப்பக்கத் திரையில் இருக்கும், நான் எழுதுவது வலப்பக்கத் திரையில். கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்து மவுஸைத் தொட்டால், வலப்பக்க மானிட்டர் விழித்துக்கொள்ளத் திணறும். இரண்டு திரையும் கறுத்துப்போகும். திரும்பி வரும்போது திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் இடப்பக்கத்தில் குவிந்து கிடக்கும், டாஸ்க்பாரைக் காணாது. சில சமயம் திரும்பியே வராமல் நீலத் திரை விழும், அதில் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று எழுதியிருக்கும். வலப்பக்க மானிட்டரைக் கழற்றிவிட்டால் மட்டும் எந்தத் தொந்தரவும் கிடையாது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் சர்வீஸ் கவுன்டரில் அழுத்திச் சொன்னேன். "இரண்டு மானிட்டர் இணைத்தால் மட்டும் வருகிறது, அதுவும் ஸ்லீப்பிலிருந்து எழும்போதுதான்" என்று. அவர் தலையாட்டிக்கொண்டே சீட்டில் எழுதியது இரண்டே வார்த்தை: டிஸ்ப்ளே பிராப்ளம்.

மறுபடி பேசியபோது, "மேடம், கார்டு அடி வாங்கியிருக்கு, ரெண்டு மானிட்டர் லோடு தாங்கல" என்றார். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் மேசையில் இருந்த ஒரே ஒரு மானிட்டரை மாட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். நான் சொன்ன கோளாறை ஒரு தடவைகூட வரவழைத்துப் பார்க்கவில்லை. முன்பணம் வாங்கி கார்டு வரவழைத்தாயிற்று, வேலை முடிந்தது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

லோடு தாங்கவில்லை என்ற பேச்சை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை வைத்துத்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு சாக்கெட் இருக்கும். இரண்டு திரையில் எழுத்தும் படமும் காட்டுவது அதற்குப் பெரிய வேலையே கிடையாது. கார்டு உண்மையிலேயே பலவீனமாகி இருந்தால், ஒரு மானிட்டரில் கேம் ஓடும்போதும் வீடியோ ரெண்டர் செய்யும்போதும்தான் முதலில் விழும். ஒரு விஷயம் மட்டும் உண்மை. இரண்டு மானிட்டரும் வேறு வேறு ரெஃப்ரெஷ் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது), ஒன்று 144 ஹெர்ட்ஸ், இன்னொன்று 60 ஹெர்ட்ஸ் என்று ஓடினால், சில கார்டுகள் சும்மா இருக்கும்போதும் தங்கள் மெமரி வேகத்தைக் குறைக்காது, கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அதற்கு கார்டை மாற்ற வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே ரேட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தாலே போதும்.

அந்த நீலத் திரை என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிடிஆர் என்ற ஒரு ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு தனக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது உறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ரீசெட் செய்யும். திரை கறுத்துத் திரும்பி வருவது அதனால்தான். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூயரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டுவிட்டோம் என்ற பதிவு இருக்கும். ரீசெட்டும் பலிக்கவில்லை என்றால் நீலத் திரை. கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அந்தத் திரை சொல்லாது. டிரைவர், பவர் சப்ளை, சூடு, ரேம், கேபிள், அடாப்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். வீடியோ என்ற சொல்லைக் காட்டி, பாருங்கள் கார்டுதான் என்று சொல்கிறவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லையென்றால் தெரிந்தே சொல்கிறார்.

என்னை அதிகம் கோபப்படுத்தியது அந்த ஃபார்மேட். என் சொற்பட்டியல்கள், மென்பொருள் அமைப்புகள் எல்லாம் போனது ஒரு பக்கம். க்ராஷ் ஆன நேரங்கள், டிரைவர் விழுந்த பதிவுகள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் சேர்ந்திருந்த ஃபைல்கள் எல்லாமே அதோடு அழிந்தன. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க இருந்த தடயம் அவ்வளவுதான், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் துடைத்துவிட்டார்கள். பழைய கார்டைக் கொடுங்கள் என்றதற்கு, "அது டெட் மேடம், தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். என் பொருளைத் தூக்கிப் போட யாரைக் கேட்டார்கள்?

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய அன்றைக்கே மறுபடியும் அதே கறுப்புத் திரை, அதே நீலத் திரை. கேட்டால், "அப்போ மதர்போர்டா இருக்கும், கொண்டு வாங்க" என்றார்கள். நான் கொண்டுபோகவில்லை.

கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் போனிலேயே சொல்லச் சொல்ல, நானே பார்த்தேன். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும். எந்த நாளில், எந்த நேரத்தில், எது விழுந்தது என்று வரிசையாகக் காட்டும். என்னுடையதில் சிவப்புக் குறிகள் எல்லாம் நான் எழுந்து போய்த் திரும்பிய நேரங்களோடு ஒத்துப்போயின. ஸ்லீப்பிலிருந்து எழும்போது கார்டும் மானிட்டரும் புதிதாகக் கைகுலுக்கி இணைப்பை ஏற்படுத்த வேண்டும், அங்கேதான் இடறுகிறது என்றார் நண்பர். அப்புறம் இரண்டு மானிட்டரின் கேபிள்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டச் சொன்னார். மாட்டினேன். அதுவரை ஒழுங்காக இருந்த இடப்பக்க மானிட்டர் திணற ஆரம்பித்தது, வலப்பக்கம் சரியாகிவிட்டது. கோளாறு கேபிளோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

அந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் (எச்டிஎம்ஐ போல மானிட்டர் இணைக்கும் இன்னொரு வகை) கையில் எடுத்துப் பார்த்தால், அதன்மேல் ஒரு எழுத்துகூட அச்சடித்திருக்கவில்லை. டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் 20 பின்கள் உண்டு. 20ஆவது பின்னில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும், அது அடாப்டர் போன்ற சின்னக் கருவிகளுக்காக வைத்தது. சாதாரண கேபிளில் அந்தப் பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக் கூடாது. மட்டமான கேபிள்களில் அதையும் சேர்த்து இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரிலிருந்து மின்சாரம் தலைகீழாக கார்டுக்குள் வர வழியாகிவிடுகிறது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் முழுதாக அணையாமல் இருப்பது, பூட் ஆக மறுப்பது என்று விளங்காத தொல்லைகள் எல்லாம் இதனால் வரும். நண்பர் பிறகு வீட்டுக்கு வந்தபோது, கேபிளைத் தனியாகக் கழற்றி, இரு முனையிலும் 20ஆவது பின்னில் மல்டிமீட்டரை வைத்தார். பீப் என்று அடித்தது, அடிக்கவே கூடாது. உள்ளே வேறு கம்பியும் தளர்ந்திருந்ததா என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தரச் சான்று பெற்ற கேபிள் வாங்கி மாட்டியதும் க்ராஷ் நின்றுவிட்டது, இன்றுவரை வரவில்லை.

அதே நாளில் கேபினட்டையும் திறந்தோம். புதிய கார்டின் விசிறிக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் சாம்பல் நிறத் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பில், பலமுறை செருகி எடுத்ததற்கான கீறல்கள். கார்டில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையும் பெட்டியில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், இரண்டும் வேறு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் மாடல் பெயர் சரியாகத்தான் வந்தது, எனவே மாடல் போலி இல்லை, பழசு. பழைய சிப்பைப் புது மாடல் போலக் காட்ட கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி விற்கிற கார்டுகளும் உண்டு. அப்படிப்பட்டவை பலவற்றை அந்த மென்பொருள் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டுக் காட்டிவிடும். புதுசு என்று சொல்லி யார் எந்த கார்டைக் கொடுத்தாலும் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

படங்களோடு போய்க் கேட்டேன். முதலில், பெட்டி மாறிவிட்டது என்றார்கள். அப்புறம், "உங்க கேபிள்தான் மேடம் பழைய கார்டையே எரிச்சிருக்கு" என்று கதையைத் திருப்பினார்கள். அப்படியென்றால் எரிந்த கார்டைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. இரண்டு கார்டிலும் ஒரே மாதிரி க்ராஷ் வந்து, கேபிள் மாற்றியதும் நின்றது என்றால், முதல் கார்டை எந்தக் காரணத்துக்காகக் கழற்றினார்கள்? இதை எழுத்தில் கேட்டு, பில் நகலும் படங்களும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

உங்களுக்கும் இதே தொல்லை இருந்தால், சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் கேபிளையும் சாக்கெட்டையும் மாற்றிப் பாருங்கள். திரை கறுத்து நின்றுவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இது பல சமயம் கைகொடுக்கும். ஒரு மானிட்டர் கார்டிலும் இன்னொன்று மதர்போர்டு சாக்கெட்டிலும் இருந்தால், இரண்டையும் கார்டிலேயே மாட்டுங்கள், இரண்டு டிரைவர்கள் சேர்ந்து ஓடுகிற சிக்கல் குறையும். யூஎஸ்பி வழியாக மானிட்டர் இணைக்கும் டாக் வைத்திருந்தால், அவற்றில் பலவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும், டாக்கைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். டிரைவர்மேல் சந்தேகம் வந்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் முறை) ஓட்டிப் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டு, கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிதாகப் போடுங்கள். விண்டோஸை ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது க்ராஷைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

மானிட்டரை அணைத்தால் ஜன்னல்கள் எல்லாம் இன்னொரு திரைக்குத் தாவுவது மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால், அது க்ராஷே இல்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில் அணைந்த மானிட்டரை விண்டோஸ் பல சமயம் கழற்றிய மானிட்டராகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11இன் டிஸ்ப்ளே செட்டிங்கில், மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில், ஜன்னல்கள் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. இதற்கும் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கேபினட்டைத் திறந்து கார்டு, ரேம், டிஸ்க் மூன்றின் சீரியல் நம்பரையும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு மானிட்டர் மாட்டித்தான் சோதிக்க வேண்டும், கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது, கழற்றும் பாகம் எதுவானாலும் என்னிடம் திரும்பி வர வேண்டும் என்ற மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மாட்டேன் என்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.