மார்னிங் டான்ஸா, ஃபோர்ப்ளேயா?

ஸ்மூத் ஜாஸ், அதாவது பாப் பாணி மெட்டுகளோடு மென்மையாக வாசிக்கும் ஜாஸ் வகை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. லிஃப்டில் ஓடுவது, பல் டாக்டர் கிளினிக்கில் ஓடுவது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். சரி, அந்த வகையில் காசு கொடுத்து ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது? எனக்கு எப்போதும் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். ஒன்று ஸ்பைரோ கைராவின் 'மார்னிங் டான்ஸ்' (1979). மற்றது ஃபோர்ப்ளே குழுவின் முதல் ஆல்பம் (1991), குழுவின் பெயரேதான் அதன் பெயரும்.

ஸ்பைரோ கைரா நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில், மதுக்கடை மேடைகளில் வாசித்து வளர்ந்த குழு. கடைக்காரர் குழுவுக்கு ஒரு பெயர் கேட்டாராம். சாக்ஸஃபோன்காரர் ஜே பெக்கென்ஸ்டைன் பாடப்புத்தகத்தில் படித்த பாசியின் பெயரை விளையாட்டாகச் சொல்ல, கடைக்காரர் அதைத் தப்பும் தவறுமாக எழுதி வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. நாமும் பள்ளியில் ஸ்பைரோகைரா படம் வரைந்தவர்கள்தானே!

ஃபோர்ப்ளேயின் கதை நேர் எதிர். அங்கே யாருக்கும் பெயர் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பியானோவில் பாப் ஜேம்ஸ், கிட்டாரில் லீ ரிட்டனோர், பேஸில் நேதன் ஈஸ்ட், ட்ரம்ஸில் ஹார்வி மேசன். நால்வருமே ஸ்டூடியோக்களில் அடுத்தவர் ஆல்பங்களுக்கு வாசித்தே பேர் வாங்கியவர்கள். ஜாஸ் பியானோ மேதை ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தவர் மேசன். பாப் ஜேம்ஸின் 1990 ஆல்பம் ஒன்றுக்காக நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தபோது இது நன்றாயிருக்கிறதே என்று தோன்றிப் பிறந்ததுதான் இந்தக் குழு.

'மார்னிங் டான்ஸ்' தலைப்புப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது), ஸ்டீல் ட்ரம் என்று கரீபியன் கடற்கரை வாசனையோடு தொடங்கும். அதன்மேல் ஆல்டோ சாக்ஸ் மெட்டை எடுக்கும். ஒரு தரம் கேட்டால் போதும், சாயங்காலம் வரை உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வார்த்தையே இல்லாத இந்தப் பாட்டு அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 24ஆம் இடம் வரை போனது. மென்மையான பாட்டுகளுக்கான அடல்ட் கன்டெம்பரரி பட்டியலில் முதலிடம். ஆல்பம் பத்து லட்சம் பிரதி விற்றதற்கான பிளாட்டினம் சான்று வாங்கியது. அப்போது ஸ்மூத் ஜாஸ் என்ற முத்திரையே புழக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனி வானொலியும் கிடையாது. பாப் பாட்டுகளுக்கு நடுவில் முண்டியடித்து இடம்பிடித்தது இது.

ஃபோர்ப்ளேவுக்கு அந்தச் சிரமம் இல்லை. 1987இலேயே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ராக் வானொலி நிலையம் பெயர் மாற்றி, இந்த வகை இசை போடும் 'தி வேவ்' ஆகியிருந்தது. அதே பாணியில் மற்ற நகரங்களிலும் நிலையங்கள் முளைத்தன. பந்தியில் இலை போட்டுத் தயாராக இருந்தது, இவர்கள் வந்து பரிமாறினார்கள். பில்போர்டின் கன்டெம்பரரி ஜாஸ் பட்டியலில் 33 வாரம் முதலிடம்.

அந்த ஓட்டத்துக்கு 'ஆஃப்டர் த டான்ஸ்' ஒரு முக்கியக் காரணம். சோல் பாடகர் மார்வின் கேயின் பழைய பாட்டு, இங்கே பாடியவர் எல் டிபார்ஜ் என்ற பாடகர். ஆர் அண்ட் பி பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. என்னைக் கேட்டால், மொத்த ஆல்பத்திலும் நால்வரும் மிகக் குறைவாக வாசித்திருப்பது இதில்தான். குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். ஊரையே கடைக்குள் இழுத்த சரக்கு, கடையின் சொந்தச் சரக்கு இல்லை.

சொந்தச் சரக்கு வேண்டுமென்றால் '101 ஈஸ்ட்பவுண்ட்' கேளுங்கள், அதுவும் ஹெட்ஃபோனில். நேதன் ஈஸ்ட் பேஸில் விரலோட்டிக்கொண்டே அதே சங்கதியைக் குரலிலும் பாடுவார். எது கம்பி, எது தொண்டை என்று பிரிக்க முடியாது. பின்னால் மேசன் சிம்பலை எவ்வளவு மெல்லத் தொடுகிறார் என்பதையும் கவனியுங்கள். தனி ஆவர்த்தனத்தில் அரங்கையே அதிரவைக்கத் தெரிந்த வித்வான், பாட்டுக்குப் பக்கவாத்தியமாக அடக்கி வாசிக்கும்போது ஒரு சுகம் வருமே, அதுதான்.

கறாரான ஜாஸ் விமர்சகர்கள் இரண்டு குழுக்களையும் ஒரே குச்சியால்தான் அடித்தார்கள்: வழவழப்பு, ஆபத்தே இல்லாத இசை. பாதி நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒரே வழவழப்பு இல்லை. ஸ்பைரோ கைரா வியர்வையைத் துடைத்துவிட்டுப் படத்துக்கு நிற்கிறது. 'மார்னிங் டான்ஸ்' ஆல்பத்தில் 'ஹீலியோபோலிஸ்' பாட்டு வந்ததும் அந்தத் துடைப்பெல்லாம் போய் மேடைக் குழுவின் வேகம் வெளியே வந்துவிடுகிறது. ஃபோர்ப்ளேவுக்கு வியர்ப்பதே இல்லை. சில இடங்களில் அதுவே அலுப்பு.

நீளமும் ஒரு விஷயம். 'மார்னிங் டான்ஸ்' எல்பி இசைத்தட்டுக் காலத்து ஆல்பம், 9 பாட்டு. சலிப்பதற்குள் முடிந்துவிடும். ஃபோர்ப்ளே சிடி காலத்துப் பிள்ளை, 11 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டாம் பாதியில் 'அக்டோபர் மார்னிங்' போன்றவை அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அடுத்தடுத்து ஒரே மிதவேகத்தில் வரும்போது கவனம் நழுவி அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வருகிறது.

இந்த வகைக்கே புதிதாக வருபவர் என்றால் யோசிக்காமல் 'மார்னிங் டான்ஸ்' வாங்கலாம். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது போட்டாலும் யாரும் அணைக்கச் சொல்ல மாட்டார்கள். நான் வைத்துக்கொள்வது ஃபோர்ப்ளே. மெட்டில் அது தோற்கிறது, வாசிப்பில் ஜெயிக்கிறது. ஒரே கண்டிஷன், 'பாலி ரன்' தொடங்கி 'மேக்ஸ்-ஓ-மேன்' வரை ஐந்து பாட்டு கேட்டுவிட்டு, ஆறாவதாக வரும் அந்த ஹிட் பாட்டைத் தாண்டிவிடுவேன்.