மூடி ஒட்டிய திருவிருந்துக் கிண்ணம்: கை படாத அப்பத்தைப் பற்றி ஒரு மதிப்பீடு

இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூர்ந்து சபையார் பங்குபெறும் திருவிருந்துக்கான அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஒரே சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்து, இரண்டு அடுக்கு மூடி ஒட்டி விற்கும் பொருள் இப்போது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் எளிதாகக் கிடைக்கிறது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டன. பின்னர் கட்டுப்பாடுகளோடு அவை திறக்கப்பட்டபோது, பல சபைகள் இந்தக் கிண்ணத்தை முதன்முறையாக வாங்கின. தொற்றின் அச்சம் தணிந்த பின்னும் சில சபைகள் இதை விடவில்லை. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையிலும், நோயுற்றோருக்கு வீடு தேடிச் சென்று கொடுக்கும் திருவிருந்திலும் இது பயன்பட்டது. பீடத்தருகே உதவி செய்பவன் என்ற முறையில் இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சில இடங்களுக்கு இது மிகவும் உதவியான பொருள். ஞாயிறு ஆராதனையின் வழக்கமான திருவிருந்துக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களில் சிறு பகுதிதான் பொருளின் தரத்தைச் சார்ந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணம் பெருவிரல் உயரமே இருக்கும். மேலடுக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய தாள். அதை உரித்தால் புளிப்பில்லாத, வட்டமான, காகிதம் போன்ற அப்பம் கிடைக்கும். அதன் கீழே உள்ள அலுமினியத் தாளை உரித்தால் ஒரே மடக்கில் குடித்து முடிக்கும் அளவுக்குத் திராட்சைச் சாறு இருக்கும். குளிர்பெட்டி தேவையில்லை, பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது. சாற்றின் சுவையில் பெரிய குறை இல்லை. அப்பமோ பிளாஸ்டிக்கின் மணத்தை வாங்கிக்கொள்கிறது. காலாவதி நாள் நெருங்கிய பெட்டிகளில் இது நன்றாகவே தெரிந்தது. பெரிய குறை மூடியில்தான் உள்ளது. இரண்டு தாள்களின் நுனிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடப்பதால், மேல்தாளை இழுக்கும்போது கீழ்த்தாளும் சேர்ந்து வந்து, சாறு வெள்ளை வேட்டியிலும் சேலையிலும் சிந்துகிறது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காத முதியவர்களுக்கு இதைத் திறப்பது பெரும்பாடு. நூறு பேர் ஒரே நேரத்தில் தாள் உரிக்கும் ஓசை, பாவ அறிக்கையும் மன்னிப்பும் முடிந்து சபை அமைதியாகக் காத்திருக்க வேண்டிய அந்த நேரத்தை நிறைத்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் தயாரிப்பாளர்கள் திருத்திவிட முடியும். நுனிகளை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தாலே பாதிக் குறை தீரும். அப்படித் திருத்திய பின்னும் தீராத ஒன்று இருக்கிறது. நான் வாங்கிய பெட்டியின் மேல், மனிதக் கை படாமல் தயாரித்து அடைக்கப்பட்டது என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். ஊறுகாய்க்கும் குடிநீருக்கும் இது சிறப்பாக இருக்கலாம். திருவிருந்தில் கை என்பது தவிர்க்க வேண்டிய இடையூறு அல்ல. கொடுக்கப்படுவதில் அதுவும் ஒரு பகுதி.

இயேசு நோயாளிகளைக் குணமாக்கியதைச் சுவிசேஷங்கள் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வருகின்றன. ரோமப் படைத் தலைவனான நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை அவர் தூரத்திலிருந்தே ஒரு வார்த்தையால் குணமாக்குகிறார். ஆகவே குணமாக்கத் தொட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அதற்குச் சற்று முன்புதான் ஒரு குஷ்டரோகியைக் கை நீட்டித் தொடுகிறார். பாளயத்துக்குப் புறம்பே தனித்துக் குடியிருக்க வேண்டும் என்று லேவியராகமம் விதித்த மனிதன் அவன். யாரும் தொடாத உடல் அது. வார்த்தை மட்டும் போதுமாயிருந்த இடத்தில் கையும் நீண்டது என்றால், அந்தத் தொடுதல் அவனுக்காகவே கொடுக்கப்பட்டது. பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து வஸ்திரத்தைத் தொட்டபோது, ஜனங்கள் நாலாபக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தும், “என் வஸ்திரங்களைத் தொட்டது யார்” என்று நின்று கேட்கிறார். உயிர்த்தெழுந்த பின்னும் தம் கைகளையும் கால்களையும் காட்டி, தொட்டுப் பார்க்கும்படி சீஷர்களை அழைக்கிறார். யோவானின் முதல் நிருபம், தாங்கள் கேட்டதோடும் கண்டதோடும் நிறுத்தாமல், கைகளால் தொட்டதையும் சேர்த்துத்தான் சாட்சியாகச் சொல்லத் தொடங்குகிறது. தேவன் மாம்சமானார் என்று அறிக்கையிடும் விசுவாசத்துக்கு உடலும் கையும் புறம்பானவை அல்ல.

ஆதிச் சபையும் இதை அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டு எருசலேமின் பேராயர் சிரிலின் பெயரால் வழங்கிவரும் போதனைகளில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அப்பத்தை எப்படிப் பெறுவதென்று விளக்கும் பகுதி ஒன்று உண்டு. அரசரை ஏற்கும் சிங்காசனமாக இடது கையை வலது கைக்குக் கீழே வைத்து, உள்ளங்கையைக் குழித்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அது கற்பிக்கிறது. எங்கள் ஊரில் திடப்படுத்தல் வகுப்பில் முதல் திருவிருந்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும் இன்றுவரை ஏறக்குறைய இதையேதான் சொல்லித் தருகிறோம். குழித்த உள்ளங்கையில் ஐயரவர்கள் (சபையின் ஆயர்) அப்பத்தை வைக்கும்போது அவருடைய விரல் நுனி ஒரு கணம் நம் கையில் படும். யாரும் தனக்குத் தானே எடுத்துக்கொள்வதில்லை. கொடுப்பவரும்கூடக் கிறிஸ்துவின் பெயரால் கொடுப்பவரே தவிர, தம்முடையதைக் கொடுப்பவர் அல்லர். கதவருகே மேசையில் அடுக்கிய கிண்ணங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு இருக்கைக்குப் போய்த் தாமே உரித்துக்கொள்ளும்போது இந்தப் பெறுதல் முழுவதும் காணாமல் போகிறது. அப்பம் பிட்கப்படுவதும் இல்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகரான நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை வாசித்துவிட்டு, தனித்தனியே அடைக்கப்பட்ட நூறு வில்லைகளை உரிக்கிறோம்.

நம் மண்ணில் இந்த இழப்புக்கு இன்னொரு கனம் உண்டு. இந்தப் பொருளை மதிப்பிடும்போது அதை விட்டுவிட என்னால் முடியாது. யார் கையால் வாங்கிக் குடிப்பது, யார் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைப்பது என்பவை தமிழ்நாட்டில் வெறும் சுகாதாரக் கேள்விகளாக ஒருபோதும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் மேல்சாதியார் முதலில் பெற்ற பின்னரே மற்றவர்கள் பெற்றார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனடியாகவும் முற்றாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். ஒரே வரிசையில் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்தில் பருகுவது அவர்களுக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. எனவே பொதுப் பாத்திரம் இங்கே சபைக்கு எளிதாக வந்து சேர்ந்த பழக்கம் அல்ல. தீண்டாமை ஊரின் தெருவிலும் கிணற்றிலும் டீக்கடையிலும் கோலோச்சிய காலத்தில், ஆலயத்துக்குள் ஓரிடத்திலாவது ஒருவர் உதடு பட்ட இடத்தில் இன்னொருவர் உதடு பட்டது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாட்டில், ஆளுக்கொரு கிண்ணம் என்ற ஏற்பாட்டைச் சபை எந்த யோசனையுமில்லாமல் ஏற்கக் கூடாது. இந்தக் கிண்ணத்தை வாங்குகிறவர்கள் சாதி பார்த்து வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் அக்கறையினால்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் பாத்திரத்தைப் பகிர மனமில்லாதவருக்கு, அந்த மனதை யாரிடமும் காட்டாமல் இருந்துவிட இது வசதி செய்து தருகிறது. அந்த வசதியைச் சபை தன் பணத்தில் வாங்கித் தர வேண்டுமா என்பதே என் கேள்வி.

நோய் பற்றிய அச்சத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. தனிக் கிண்ணங்கள் பிறந்ததே அந்த அச்சத்தில்தான். காசநோய்க் கிருமியை 1882இல் இராபர்ட் கோக் கண்டறிந்து, கிருமிகளைப் பற்றிய அறிவு மக்களிடையே பரவிய பிறகு, 1890களில் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் புகுந்தன. அங்கிருந்து உலகெங்கும் சென்றன. நம் சபைகள் பலவற்றில் தட்டில் வரும் கண்ணாடிக் கிண்ணங்கள் அந்த வழி வந்தவையே. பொதுப் பாத்திரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 1998இல் வெளியிட்ட ஒரு குறிப்பு, ஆபத்து கோட்பாட்டளவில் உண்டென்றாலும் மிகக் குறைவே என்றும், அதனால் நோய் பரவியதாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு இல்லை என்றும் சொல்கிறது. பெருந்தொற்றின் உச்சத்தில் நிலைமை வேறு. அப்போது இந்தக் கிண்ணங்களை வாங்கியது சரியான முடிவு. இவை இல்லாவிட்டால் அந்த மாதங்களில் எங்கள் சபையார் திருவிருந்தே இல்லாமல் போயிருப்பார்கள். பொதுப் பாத்திரம் வேண்டாமென்று இன்றும் நினைக்கும் சபை, ஒரே அப்பத்தைப் பிட்டுக் கையில் கொடுத்து, ரசத்தை மட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் தரலாம். அதில் கொடுக்கும் கை மிச்சமாகிறது.

ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் வாழ்த்தும் சடங்கான சமாதானம் கொடுத்தல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கிண்ணமும் அந்தச் சடங்கும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வெளியிட்ட தன் திருவிருந்து ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைத் தழுவி, சமாதானத்தைக் கையோடு கை சேர்த்துக் கொடுக்கும் முறையை மீண்டும் கொண்டுவந்தது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் அதை மூடிக்கொள்வார்கள். பீடத்தில் தொடங்கி ஒவ்வொருவராகக் கடைசி இருக்கைவரை அது செல்லும். மேலைநாட்டுச் சபைகள் பலவும் பிற்காலத்தில் சமாதானம் கொடுத்தலைத் தங்கள் ஆராதனைக்குள் சேர்த்துக்கொள்ள இந்த முறை ஒரு தூண்டுதலாக இருந்தது. இப்போது ஒரு கையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் மறு கையை அசைத்துச் சமாதானம் சொல்கிறார்கள். கைகூப்பி வணங்குவதை நான் குறை சொல்லவில்லை. இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு 1969இல் அளிக்கப்பட்ட வழிபாட்டு அனுமதிகளில் சமாதானத்தைக் கைகூப்பித் தெரிவிப்பதும் ஒன்று. அது நம் மரபின் மரியாதை. தொட விருப்பமில்லாதவரை வற்புறுத்தாமல் விடுவதும் மரியாதைதான். கிண்ணம் சிந்திவிடுமே என்று அரை மனதாகக் கையசைப்பது இந்த இரண்டிலும் சேராது.

இனி, இந்தப் பொருள் தன் விலைக்குத் தகுந்த பயனைத் தரும் இடங்களுக்கு வருகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பவர்கள், தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாறியவர்கள், மருத்துவர் வெளி உணவைத் தடுத்திருக்கும் நோயாளிகள் ஆகியோருக்கு (மருத்துவர் அனுமதித்தால்) இது பெரிய வரப்பிரசாதம். புட்டி, தட்டு, துணி என்று ஒரு பை நிறையச் சுமக்காமல் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம். ஆயர் மாதம் ஒருமுறை மட்டுமே வரக்கூடிய தொலைவான கிராமச் சபைகளுக்கும் இதைச் சேமித்து வைப்பது எளிது.

அங்கேயும் எப்படிக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். படுக்கையோடு இருக்கும் ஒரு தாயாரிடம் ஐயரவர்கள் ஜெபித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டியபோது, அவர்கள் அதை வாங்காமல், “ஐயா, நீங்களே பிரிச்சு உங்க கையால தாங்களேன்” என்றார்கள். ஐயரவர்கள் தாளை உரித்து, அப்பத்தைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை அவர்கள் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் மூடிச் சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு சாற்றைத் தேக்கரண்டியில் ஊற்றிப் புகட்டினார். அதன்பின் எங்கள் சபையின் வீட்டுத் திருவிருந்தில் யாரிடமும் மூடிய கிண்ணத்தை நீட்டுவதில்லை. கிண்ணம் எடுத்துச் செல்லும் பாத்திரமாக மட்டுமே இருக்கிறது.

மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆசீர்வதிக்கப்பட்ட அப்பமும் ரசமும் மீந்தால் ஆராதனை முடிந்ததும் பயபக்தியோடு உட்கொள்வது எங்கள் ஒழுங்கு. இந்தக் கிண்ணங்களின் அடியில் தங்கும் துளிகளோ, அப்படியே விட்டால் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து குப்பைக்கூடைக்குப் போய்விடும். அதனால் கிண்ணங்களைக் கழுவி, அந்த நீரை ஆலய வளாகத்து மரத்தடியில் ஊற்றிய பின்னரே அப்புறப்படுத்துகிறோம். ஒரு ஞாயிறின் கிண்ணங்கள் மட்டுமே ஒரு சாக்குப் பையை நிரப்பிவிடும்.

வாங்க நினைக்கும் சபைகள் நூறு கிண்ணப் பெட்டியை வாங்க வேண்டாம். சிறிய பெட்டி போதும். காலாவதி நாள் ஆறு மாதத்துக்கு அப்பால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு தாள்களின் நுனிகளும் தனித்தனியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். நோயாளியிடம் போகும் முன் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, மூடியை நீங்களே திறந்து கொடுங்கள்.