மூன்றே நாளில் முகம் தெளிந்தால் சந்தேகப்படுங்கள்

"நூறு சதவீதம் மூலிகை, கெமிக்கலே கிடையாது" என்று சொல்லி விற்ற ஒரு க்ரீமை ஐந்து மாதம் முகத்தில் தடவி, இப்போது அதிலிருந்து மீள டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். இப்படி ஏதாவது வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

எனக்கு மூக்கோரத்திலும் தாடையிலும் அடிக்கடி சிவந்து அரிக்கும். இயற்கையாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, வீட்டிலேயே தயாரித்து ஆன்லைனில் விற்கும் ஒருவர் கண்ணில் பட்டார். அன்பாகப் பேசினார், என் தோலைப் பற்றி நிறையக் கேட்டார், அதிலேயே பாதி நம்பிவிட்டேன். டப்பாவில் கற்றாழை, லாவெண்டர், கெமோமைல் என்று மூன்று பெயர், ஒரு இலைப் படம், 'ஆர்கானிக்' என்ற சொல், அவ்வளவுதான். முழங்கை மடிப்பில் தடவி ஒரு வாரம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, சரி என்று முகத்துக்குப் போனேன்.

மூன்றாம் நாளே சிவப்பு போய்விட்டது. அரிப்பு இல்லை, தோல் வழவழவென்று, கொஞ்சம் வெளுத்தும் இருந்தது. வருடக்கணக்கான தொல்லை தீர்ந்ததே என்ற சந்தோஷத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் வாங்கினார்கள், இன்றைக்கு என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பயணத்தில் டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டேன். நாலாவது நாள் முகம் தீயாய் எரிந்தது, வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள். விற்றவரைக் கேட்டால், "உள்ளே இருக்கிற நச்சு வெளியே வருகிறது, நல்ல அறிகுறி, விடாமல் தடவுங்கள்" என்றார். தடவினேன், அடங்கியது, அதனால் அவர் சொன்னது உண்மை என்றே நினைத்தேன். நிறுத்தினால் எரியும், தடவினால் அடங்கும், இப்படியே ஐந்தாவது மாதம் வந்தபோது கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்தன, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது.

டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "நிறுத்தினால் அதிகமாகிறதா?" இது ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும் மருந்து, பழகிய தோல் என்றார். மூலிகை என்று சொல்லி விற்ற க்ரீம்களில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கண்டுபிடிக்கப்பட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. குளோபெட்டசால் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக்கூடாது, முகத்தில் போடவே கூடாது என்பார்கள். ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பு உடனே மறைகிறது, நாளாக நாளாகத் தோல் மெலிகிறது. என்னுடைய முழங்கைப் பரிசோதனை ஏன் தேறியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அலர்ஜியையே அமுக்கிவைக்கிற மருந்து உள்ளே இருந்தால் அந்தச் சோதனையில் என்ன தெரியும்?

டப்பாவை ஆய்வுக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை, ஆகவே பெயர் போடவில்லை. ஆனால் முழுப் பொருள் பட்டியல் கேட்டதற்கு "குடும்ப ரகசியம்" என்று பதில் வந்தது, மறுபடி கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

வெளுக்க வைக்கும் க்ரீம் என்றால் பாதரசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள் என்று டாக்டர் சொன்னார், அது சிறுநீரகத்தையே கெடுக்கும். பட்டியலில் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்று பாதரசத்தைக் குறிக்கும் பெயர்கள் இருந்தாலோ, தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்று எச்சரித்திருந்தாலோ தொடவே வேண்டாம்.

'இயற்கை' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட அழகுப் பொருட்களுக்கு அந்தச் சொல்லை வரையறுக்கவில்லை. இயற்கை, ஆர்கானிக் அழகுப் பொருட்களுக்குக் கொடுக்கும் காஸ்மாஸ் மாதிரி சான்று முத்திரை இருந்தால், சான்று கொடுத்த அமைப்பின் தளத்தில் அந்தப் பொருளின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம், இலைப் படத்தை அப்படித் தேட முடியாது. தண்ணீர் கலந்த க்ரீமில் பாதுகாப்புப் பொருளே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் அதுவும் நல்லதல்ல, கிருமியும் பூஞ்சையும் வளரும். அப்புறம், உண்மையான லாவெண்டர் எண்ணெயே காற்றுப் பட்டுப் பழசானால் அலர்ஜி கொடுக்கும், அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் மாறிவிடுகிறது.

இப்போது இப்படி ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டுத் தவிக்காதீர்கள், டப்பாவைத் தூக்கியும் போடாதீர்கள், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள், நாலாவது வாரம் நடக்கிறது, எரிச்சல் இன்னும் இருக்கிறது. நான் வாங்க வைத்த இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒருவர் அடுத்த நாளே டாக்டரைப் பார்த்தார். இன்னொருவர், முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்னும் தடவிக்கொண்டிருக்கிறார்.